கறுப்பு முயலும் மங்கிய அறையும்: ஃபிளாஷ் இல்லாமல் வீட்டுக்குள் படமெடுக்க ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு முயல் சென்ற ஆண்டு ஐந்து குட்டிகள் போட்டது. நான்கு வெள்ளை, ஒன்று கறுப்பு. எட்டு வாரம் கழிந்ததும், வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று படமெடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். வெள்ளைக் குட்டிகளுக்கு இரண்டு வாரத்தில் வீடு கிடைத்தது. கறுப்புக் குட்டியை ஒருவரும் கேட்கவில்லை. அனுப்பிய படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் ஒரு கரித்துண்டு கிடப்பது போல இருந்தது. கண் எது, காது எது என்று தெரியவில்லை.

ஒரு ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் ஃபிளாஷ் வெட்டியதும் குட்டி மேசையிலிருந்து துள்ளிவிட்டது. பாதி வழியில் பிடித்துவிட்டேன். ஆட்டோவில் திரும்பும்போது அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டே இருந்தது. இனி வீட்டிலேயே, ஃபிளாஷ் இல்லாமல், நானே எடுப்பது என்று அன்று முடிவு செய்தேன். கற்றுக்கொள்ள மூன்று மாதம் பிடித்தது. உங்களுக்கு ஒரு வாரம் போதும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. எதிர்வீட்டுச் சுவர் கை நீட்டினால் எட்டும். பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப் லைட் எரிய வேண்டும். இந்த வீட்டில் முடிந்தது என்றால் உங்கள் வீட்டிலும் முடியும்.

1. ஃபிளாஷை முழுவதும் அணையுங்கள்

செல்பேசியிலும் கேமராவிலும் ஃபிளாஷ் பெரும்பாலும் தானியங்கி முறையில் இருக்கும். அறை இருட்டாக இருந்தால் உங்களைக் கேட்காமலேயே வெட்டிவிடும். ஆகவே தானியங்கியில் விடாமல் அணைத்தே வையுங்கள். ஃபோகஸ் செய்வதற்காகச் சில கேமராக்கள் முன்பக்கம் ஒரு சிறு விளக்கை எரியவிடும்; அமைப்புகளுக்குள் போய் அதையும் அணைக்க வேண்டும். ஷட்டர் ஒலியையும் நிறுத்திவிடுங்கள்.

முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டர் எல்லாம் வேட்டையாடப்படும் இனங்கள். திடீர் வெளிச்சமும் திடீர் ஓசையும் அவற்றுக்கு ஆபத்தின் அறிகுறி. முயலின் பின்னங்கால்களில் விசை அதிகம், எலும்போ மெல்லியது. பிடித்திருக்கும் கையில் அது மிரண்டு உதறினால் முதுகெலும்பே முறியக்கூடும். என் குட்டி அன்று தப்பியது அதிர்ஷ்டம்தான்.

2. ஒரு நாள் முழுக்க வெளிச்சத்தை மட்டும் பாருங்கள்

முதல் நாள் கேமராவைத் தொட வேண்டாம். ஒரு தாளில் காலை ஆறரை முதல் மாலை ஆறு வரை மணிக்கு ஒரு கோடு போட்டு, எந்த ஜன்னலில் எப்போது வெளிச்சம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கூடத்தில் ஒரே ஒரு ஜன்னல். எட்டேகால் முதல் ஒன்பதரை வரை எதிர்வீட்டு மஞ்சள் சுவரில் வெயில் பட்டு, அங்கிருந்து அறைக்குள் மென்மையாகத் திரும்புகிறது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தை நம்பித்தான் என் படங்கள் எல்லாம் இருக்கின்றன.

நேர் வெயில் வேண்டாம். அது வெள்ளை ரோமத்தை வெளுக்கடித்துவிடும், கறுப்பில் கூர்மையான நிழல் போடும், ஜன்னல் கம்பிகளின் வரியும் விழும். வெயில் நேராக விழுந்தால் வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றையாக ஜன்னலில் கட்டுங்கள். வெயில் இல்லாத ஜன்னலில் எதையும் கட்டாதீர்கள். இருக்கும் வெளிச்சமும் போய்விடும்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று எங்கோ குளிர் நாட்டில் எழுதியதைப் படித்துவிட்டு நான் குழம்பியிருக்கிறேன். சென்னைக்கு அது பொருந்தாது. ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நமக்கு உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். மார்கழி, தை மாதங்களில் தெற்கு ஜன்னலில் வெயில் அறைக்குள் நீளமாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் காலை வேளையை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, கொசுவலை. ஜன்னலில் ஒட்டியிருக்கும் வலை, அதுவும் தூசி படிந்தது என்றால், நாம் நினைப்பதைவிட அதிக வெளிச்சத்தைத் தின்றுவிடும். முயலுக்கோ கினிப்பன்றிக்கோ என்றால் படமெடுக்கும் நேரத்துக்கு அதைக் கழற்றி வைக்கலாம். பூனையும் பறவையும் உள்ள வீட்டில் கழற்றவே கூடாது. கழுவித் துடைத்து மாட்டினால் போதும்.

3. ஜன்னலருகே பாய் விரியுங்கள்

வழுவழுப்பான டைல்ஸில் முயலுக்குக் கால் நிற்காது. உள்ளங்காலில் பூனையைப் போல மெத்தை இல்லை, ரோமம்தான் இருக்கிறது. வழுக்கும் பயத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டு உட்காரும், இல்லையென்றால் மூலைக்கு ஓடும். கோரைப்பாய் விரித்ததும் அதே முயல் காலை நீட்டிப் படுத்தது. பாய்க்கு இன்னொரு நன்மையும் உண்டு. பளபளக்கும் டைல்ஸ் போல அது வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்காது. பழைய வீடுகளின் சிவப்பு சிமெண்ட் தரை, வெள்ளை முயலின் வயிற்றில் செம்மண் நிறம் ஏற்றிவிடும். பாய் அதையும் தடுக்கிறது.

பாய் ஜன்னலிலிருந்து ஒரு கை நீளத்துக்குள் இருக்கட்டும். ஜன்னல் பிராணிக்குப் பக்கவாட்டில் வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் வரக் கூடாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகையைச் சுவரில் சாய்த்து வையுங்கள். எழுதுபொருள் கடையில் நான் ஐம்பது ரூபாய்க்குள் வாங்கினேன். நிழல் விழும் பக்கத்துக்கு அது வெளிச்சம் கொடுக்கும். ஆனால் முயலுக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள், தெர்மாகோலைக் கடித்துத் தின்ன ஆரம்பித்துவிடும். செல்பேசி சார்ஜர் ஒயரையும் அப்புறப்படுத்துங்கள்.

மின்விசிறியைக் குறைத்து வைத்தால் ரோமம் பறக்காது. மே மாதத்தில் மட்டும் இதில் பிடிவாதம் வேண்டாம். முப்பது டிகிரியைத் தாண்டினாலே முயலுக்கு மூச்சு வாங்கும். விசிறியை நிறுத்தினால் ஐந்து நிமிடத்துக்குமேல் நிறுத்தாதீர்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் பட்ஜி கூண்டுக்கு வெளியே பறக்கிறது என்றால் விசிறி முழுவதும் நின்றிருக்க வேண்டும். அங்கே படத்தைவிட உயிர் பெரிது.

4. அது நிம்மதியாகும் வரை காத்திருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். குறைந்த வெளிச்சத்தில் தெளிவான படம் வேண்டும் என்றால் பிராணி அசையாமல் இருக்க வேண்டும். விலை உயர்ந்த லென்ஸும் இதற்கு ஈடாகாது. அது அசையாமல் இருப்பதில் இரண்டு வகை உண்டு: பயத்தில் உறைவது, நிம்மதியில் ஓய்வது. கினிப்பன்றி பயந்தால் ஓடாமல் கல்லாகச் சமைந்துவிடும். ஆகா, நன்றாகப் போஸ் கொடுக்கிறது என்று நானும் நினைத்து எடுத்துத் தள்ளினேன். படத்தில் பார்த்தால் கண் பிதுங்கி, உடம்பு விறைத்து, பொம்மை போல இருந்தது. முயல் காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு பதுங்கினாலோ பின்னங்காலால் தரையில் தட்டினாலோ அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

நிம்மதியின் அடையாளங்கள் வேறு. முயல் பின்னங்கால்களைப் பக்கவாட்டில் நீட்டிப் படுக்கும். முகம் கழுவும். ஒரு காதை இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே இழுத்து நக்கும். பட்ஜி ஒரு காலை மடக்கி, சிறகை உப்பிக்கொண்டு உட்காரும். இதற்குப் பதினைந்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். நீங்கள் பாயருகே படுத்துக்கொண்டு, கேமராவைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். அது வந்து கேமராவை முகர்ந்துவிட்டுப் போகட்டும். முதல் மூன்று நாட்கள் அவ்வளவுதான் வேலை.

முயல் விடியலிலும் அந்தியிலும்தான் துள்ளும். காலைத் தீனி தின்று முடித்த பிறகு மந்தமாகி உட்காரும். எங்கள் வீட்டில் எட்டு மணிக்குத் தீனி, எட்டரைக்குப் படம். ஹாம்ஸ்டர் இரவு விலங்கு. அதைப் பகலில் எழுப்பாதீர்கள். அதற்கு எட்டாவது படி இருக்கிறது.

தலையைத் தூக்கிப் பார்க்க வைக்க அருகம்புல் நல்லது. பிள்ளையார் கோவில் வாசலில் பூக்காரம்மாவிடம் பத்து ரூபாய்க்கு வாங்கி, நன்றாகக் கழுவிவிட்டு, ஒரே ஒரு இழையை லென்ஸுக்கு மேலே பிடியுங்கள். கொத்தமல்லிக் காம்பும் ஆகும். ஆனால் மெல்லும்போது எடுக்காதீர்கள், வாய் கலங்கித் தெரியும். விழுங்கிவிட்டு அடுத்த இழையைத் தேடி நிமிர்கிற நொடிதான் உங்களுக்கு உரியது. முயலின் மூக்கு எப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். ஆழ்ந்த ஓய்வில் துடிப்பு குறையும். மூக்கைப் பார்த்தால் நேரம் தெரியும்.

5. செல்பேசியில் எடுப்பவர்களுக்கு

லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸ்தான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது. 1 என்று காட்டும் முதன்மைக் கேமராவையே பயன்படுத்துங்கள். அகலக் கோணக் கேமராவும் தொலைக் கேமராவும் பெரும்பாலும் குறைவான வெளிச்சத்தையே வாங்கும். இரவு முறை வேண்டாம். அது ஓரிரு நொடிகளில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அதற்குள் முயல் தலையைத் திருப்பிவிடும், மூன்று காது தெரியும். பிராணியின் கண் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலோ கீழோ நகர்த்தி வெளிச்ச அளவைச் சரிசெய்து, தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

6. கேமராவில் எடுப்பவர்களுக்கு மூன்று எண்கள்

அபெர்ச்சர், அதாவது லென்ஸ் திறந்திருக்கும் அளவு, எஃப் 1.8 அல்லது எஃப் 2; எண் சிறியதானால் திறப்பு பெரிது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஓய்வில் இருக்கும் பிராணிக்கு 1/125 நொடி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தால் 1/250. கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்பதற்கான ஐஎஸ்ஓ எண் 1600 முதல் 6400 வரை எவ்வளவு தேவையோ அவ்வளவு. படத்தில் மணல் தூவியது போலப் புள்ளி விழும் என்று பயந்து ஐஎஸ்ஓவைக் குறைத்து, ஷட்டரை 1/30க்குக் கொண்டுபோனதுதான் என் முதல் மாதத் தவறு. புள்ளியைப் பிறகு ஓரளவு போக்கலாம், கலங்கலைப் போக்க முடியாது. லென்ஸில் உள்ள அதிர்வு தடுப்பு உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் தாங்கும். முயலின் அசைவுக்கு அது உதவாது.

கேமராவோடு வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸை 55இல் வைத்தால் எஃப் 5.6தான் கிடைக்கும். எஃப் 1.8 அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். இருட்டு அறையில் படம் கிடைப்பதும் கிடைக்காததும் இதைப் பொறுத்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. நாம் வழக்கமாக வாங்கும், சென்சார் சற்றுச் சிறியதான ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டு, எஃப் 1.8இல் அறுபது செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். வளர்ந்த முயலின் மூக்கு நுனியிலிருந்து கண் வரை அதைப் போலப் பல மடங்கு. கேமரா தானாக ஃபோகஸ் செய்தால் தனக்கு மிக அருகில் இருக்கும் மூக்கைப் பிடித்துக்கொள்ளும், கண் மங்கிவிடும். ஆகவே ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைத்து, அருகிலிருக்கும் கண்ணின் மேல் அந்தப் புள்ளியை நிறுத்துங்கள். முயலுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் முகத்தை நேராக எடுப்பதைவிடப் பக்கவாட்டில் எடுப்பது எளிது. கண், காது, கன்னம் மூன்றும் ஒரே தளத்தில் வரும்.

கூண்டுக்குள் இருக்கும் பட்ஜியை எடுக்கும்போது லென்ஸைக் கம்பியோடு ஒட்டினாற்போல வைத்து, அபெர்ச்சரை முழுவதும் திறந்துவிடுங்கள். பறவை கம்பியிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தால் கம்பி கரைந்துபோகும்.

7. லென்ஸ்: வாடகை, பழையது, புதியது

முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுக்கு நான் நாளுக்கு 250 ரூபாயும், திருப்பித் தரும் முன்பணமாக 3,000 ரூபாயும் கொடுத்தேன். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் அசலாகக் கொண்டுபோங்கள், நகல் கேட்பார்கள். ஆதார் நகல் தருவதானால் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கம் செய்து, அதன் மேல் ‘லென்ஸ் வாடகைக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். ஒரு நாள் என்பது இருபத்து நான்கு மணி நேரமா, கடை மூடும் வரையா என்று முன்பே கேளுங்கள். கேட்காமல் விட்டு இரண்டு நாள் வாடகை கட்டியிருக்கிறேன். லென்ஸின் இரு பக்கக் கண்ணாடியையும் வரிசை எண்ணையும் கடையிலேயே படமெடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலுக்கு உங்கள் முன்பணம் போகக் கூடாது.

பழையது வாங்கினால் பூஞ்சையைப் பாருங்கள். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் மூடிக்கிடந்த லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். செல்பேசி டார்ச்சை ஒரு முனையில் அடித்து மறுமுனை வழியாகச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். எனக்கு நல்லது ஒன்று 6,000 ரூபாய்க்குக் கிடைத்தது. நான் விசாரித்தபோது புதியது பத்தாயிரத்தை ஒட்டி இருந்தது. ரசீதிலும் உத்தரவாத அட்டையிலும் உள்ள வரிசை எண் லென்ஸில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று கடையை விட்டு இறங்குவதற்கு முன் சரிபாருங்கள். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

ஏசி அறையில் இருந்த கேமராவைக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் பனி படியும். துடைக்காதீர்கள். அரை மணி நேரம் பையோடு வெளியே வைத்தால் தானாகச் சரியாகும்.

8. இரவில்தான் நேரம் கிடைக்கிறது என்றால்

வேலைக்குப் போய் ஏழு மணிக்குத் திரும்புகிறவர்களுக்கு விளக்குதான் துணை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஐம்பது சுழற்சி; ஒவ்வொரு சுழற்சியிலும் வெளிச்சம் இரண்டு முறை ஏறி இறங்கும். ஆகவே சாதாரண டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்குகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/250 வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும், அல்லது ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும் வரும். நான் கேமரா பழுது என்று நினைத்துச் சோதனைக் கட்டணம் 400 ரூபாய் கட்டிவிட்டு வந்தேன். மருந்து எளியது: வீட்டு விளக்கில் ஷட்டர் 1/100 அல்லது 1/50.

பல்பு வாங்கும்போது பெட்டியில் சி.ஆர்.ஐ. என்னும் நிற அளவு 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். நிறம் உண்மையாக வரும். கடையிலேயே பல்பை எரியச் சொல்லி, செல்பேசிக் கேமராவை அதன் பக்கம் காட்டுங்கள். திரையில் பட்டை ஓடினால் வேறு பல்பு கேளுங்கள். உச்சியில் மாட்டினால் கண் குழிக்குள் நிழல் விழும். மேசை விளக்கில் போட்டு, பக்கத்து வெள்ளைச் சுவரின் மேல் திருப்பி அடியுங்கள். சுவரிலிருந்து வரும் வெளிச்சம் ஜன்னல் வெளிச்சம் போலவே இருக்கும். சூடேறும் ஹாலஜன் விளக்கு வேண்டவே வேண்டாம். ஜன்னலையும் பல்பையும் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள். பாதி முயல் நீலமாகவும் பாதி மஞ்சளாகவும் வந்தால் பிறகு சரிசெய்ய முடியாது.

9. கறுப்புப் பிராணியும் வெள்ளைப் பிராணியும்

என் கரித்துண்டுப் படத்தின் தவறு வெள்ளை விரிப்பு. கேமரா மொத்தக் காட்சியையும் சராசரி பார்க்கிறது. வெள்ளை நிறைய இருந்ததால் வெளிச்சம் அதிகம் என்று எண்ணி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிட்டது. கறுப்புப் பிராணிக்குப் பாயின் நிறமோ பழுப்புப் போர்வையோ ஏற்றது. விரிப்பு வெளிர் நிறமாக இருந்தால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) +1க்கு உயர்த்துங்கள். பிராணியே படச்சட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தால் கேமரா கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், அப்போது -0.7 வரை இறக்குங்கள். வெள்ளை முயலுக்கு இது தலைகீழ்: படச்சட்டம் நிறைய வெள்ளை என்றால் +0.7 முதல் +1.

கறுப்பு ரோமத்துக்கு ஜன்னல் பக்கவாட்டில் இருப்பது மிக முக்கியம். அப்போதுதான் ரோமம் ரோமமாகப் பளபளக்கும். கண்ணில் ஜன்னலின் பிம்பம் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் பிராணியை நகர்த்தாதீர்கள், நீங்கள் நகருங்கள்.

10. அனுப்புவதற்கு முன்

வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி ரோமம் குழம்பிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். ஆனால் ஆவணமாக அனுப்பும்போது எடுத்த இடத்தின் தகவலும் கூடவே போகும். கேமரா அமைப்பில் இடக் குறிப்பை முன்பே அணைத்துவிடுங்கள். பொதுவில் போடும் படத்தில் வீட்டு வாசல் எண் தெரிய வேண்டாம்.

நாய், பூனை வளர்ப்பவர்கள் மாநகராட்சி உரிமத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்போது பிராணியின் படமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் ஏற்ற வேண்டியிருக்கும். முகமும் உடல் நிறமும் தெளிவாகத் தெரியும் ஒரு படத்தை அதற்கென்று எடுத்து வையுங்கள். பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். படமெடுப்பதைப் பற்றி யோசிக்காமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

கறுப்புக் குட்டியை ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு எடுத்தேன். எஃப் 2, 1/125, ஐஎஸ்ஓ 3200. இடது காதை நக்கி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது. கண்ணுக்குள் எங்கள் ஜன்னலும் அதன் நான்கு கம்பிகளும் எண்ணிவிடும்படி தெரிந்தன. அன்று இரவே பெரம்பூரிலிருந்து ஒரு குடும்பம் அழைத்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போனார்கள். அது படுத்துப் பழகிய பாயையும் சுருட்டிக் கூடவே கொடுத்து அனுப்பினேன்.